கேசட் கடைகள் மூடிய பிறகு: இசைத் தொழில் பற்றி வாசகர் கேள்விகள்

இசைத்தட்டும் கேசட்டும் சிடியும் கடையை விட்டுப் போய்விட்ட நிலையில் பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் எதைக் கொண்டு பிழைக்கிறார்கள் என்று வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

என் மகள் பி.காம். முடித்துவிட்டாள். சிறு வயதிலிருந்து வாய்ப்பாட்டு கற்று, வானொலி கலைஞர்களுக்குத் தரும் தரவரிசையில் ‘பி-ஹை’ கிரேடும் வாங்கியிருக்கிறாள். வேலைக்குப் போகாமல் முழுநேரமும் பாடப்போகிறேன் என்கிறாள். சிடியே விற்காத காலத்தில் இதை நம்பி வாழ முடியுமா?
*ஒரு தாயார், மேற்கு மாம்பலம்*

அம்மா, சிடி விற்ற காலத்திலும் அதை நம்பிக் குடும்பம் நடத்திய கர்நாடக இசைக் கலைஞர்கள் மிகச் சிலரே. பெயர் பெற்ற சிலருக்கு ராயல்டி, அதாவது விற்பனையில் ஒரு பங்கு, வந்தது; மற்றவர்களுக்குக் கம்பெனி ஒரே தடவையாக ஒரு தொகையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டது. கேசட் அவர்களுக்குப் பெயரைத் தந்தது, அந்தப் பெயர் கச்சேரியைத் தந்தது, கச்சேரிதான் சோறு போட்டது. ஆகையால் விற்பனை சரிந்ததை மட்டும் வைத்து உங்கள் மகளின் எதிர்காலத்தை எடைபோட வேண்டாம்.

உலக அளவில் பார்த்தாலும் ‘விற்பனை சரிந்தது’ என்பது பாதிக் கதைதான். பதிவிசையின் வருமானம் 1999இல் உச்சத்தைத் தொட்டு, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் பழக்கம் பரவியபின் 2014 வரை தேய்ந்துகொண்டே வந்து, பிறகு ஸ்ட்ரீமிங்கால் மறுபடி ஏறி, 2024இல் 2,960 கோடி டாலரை எட்டியது. அதில் 69 சதவீதம் ஸ்ட்ரீமிங்கிலிருந்து வந்தது. பணம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அது பெரும்பாலும் பதிவின் உரிமையைக் கையில் வைத்திருப்பவரிடம் போகிறது, பாடியவரிடம் அல்ல.

இனி சென்னையின் நடைமுறைக்கு வருவோம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை நடக்கும் இசை விழா சீசனில் உங்கள் மகளுக்குக் கிடைக்கக்கூடியது, பெரும்பாலும், டிக்கெட் இல்லாத மதியக் கச்சேரி. அதற்கு வரும் சன்மானத்தில் வயலின், மிருதங்கம், சில சமயம் கடம் அல்லது கஞ்சிராவுக்கும் கொடுத்து, புடவை, கால் டாக்ஸி, தம்பூராப் பெட்டி எல்லாவற்றையும் கணக்கிட்டால் கையிலிருந்து போகாமல் இருந்தாலே நல்லது. இதற்கும் மேலாக, மேடை தருவதற்கு நன்கொடை எதிர்பார்க்கும் அமைப்பாளர்களும் இந்த ஊரில் உண்டு. பணம் கொடுத்துப் பாடாதீர்கள் என்பதே என் கருத்து. கொடுத்துப் பாடியவர் என்ற பேச்சு அமைப்பாளர்களிடையே எளிதில் மறைவதில்லை. பக்கவாத்தியக்காரர்களின் நிலை இதில் சற்று மேல். பாடகி ஒரே நாளில் இரண்டு கச்சேரி பாடினால் குரல் கம்மிவிடும். மிருதங்கக்காரர் மதியம் மயிலாப்பூரிலும் மாலை தியாகராய நகரிலும் வாசிக்கலாம்.

அப்படியானால் மாத வருமானம் எங்கிருந்து வரும்? கற்பிப்பதிலிருந்து. இதைச் சொல்ல நம் கலைஞர்கள் பலர் ஏனோ கூச்சப்படுகிறார்கள், ஆனால் சென்னையின் இளம் பாடகர்களில் பெரும்பாலோரின் வாடகையைக் கட்டுவது மேடையல்ல, வகுப்புதான். குறிப்பாக அமெரிக்காவில் வளரும் தமிழ், தெலுங்குக் குழந்தைகளுக்கான இணைய வகுப்பு. கலிபோர்னியாவில் மாலை ஆறு மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஆறரை. அவர்களுடைய குளிர்காலத்தில் ஏழரை. நியூ ஜெர்சி மாணவிக்கு அதே மாலை வகுப்பு வேண்டுமென்றால் உங்கள் மகள் விடியலுக்கு முன்பே எழுந்து சுருதி சேர்த்தாக வேண்டும். இணையத்தில் குரல் சற்றுத் தாமதித்தே போய்ச் சேர்வதால் ஆசிரியையும் மாணவியும் சேர்ந்து பாட இயலாது. ஆசிரியை ஒரு வரியைப் பாடி நிறுத்த வேண்டும், மாணவி அதைத் திருப்பிப் பாட வேண்டும், அப்போது ஆசிரியை தன் தாளத்தை அடக்கிக்கொண்டு அவள் போடும் தாளத்தைக் கேட்க வேண்டும். ஆதி தாளத்தில் அமைந்த வர்ணம் என்ற பயிற்சிப் பாட்டை இரண்டு காலத்தில், அதாவது இரண்டு வேகத்தில், இப்படிச் சொல்லிக்கொடுப்பது நேர் வகுப்பைவிட இரட்டிப்பு உழைப்பு. எதிரே உட்காரவைத்துக் கற்பிப்பதற்கு இது ஈடாகுமா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த வகுப்புகள் இல்லாவிட்டால் பலர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

இதே தொடர்புகள்தான் பின்னர் வெளிநாட்டுக் கச்சேரிகளுக்கும் வழி செய்கின்றன. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனையைப் போன்ற விழாக்களுக்குச் செல்லும் கலைஞர்கள் அந்தப் பயணத்தையொட்டி வேறு ஊர்களிலும் பாடிவிட்டு வருவதுண்டு. வானொலிக் கிரேடு பெரிய பணம் தராது; ஆனால் பி-ஹையிலிருந்து ‘ஏ’ கிரேடுக்கு உயர்ந்தால் அமைப்பாளர்களிடம் அதற்கு மதிப்பு உண்டு. ஆகையால் விட்டுவிட வேண்டாம்.

என்னைக் கேட்டால், அவரை மூன்று ஆண்டுகள் விட்டுப்பாருங்கள். அந்த மூன்று ஆண்டுகளில் கச்சேரிகளின் எண்ணிக்கையைவிட, நிலையாக நிற்கும் மாணவர்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள்.

நான் சினிமா ஒலிப்பதிவுகளில் வயலின் வாசித்து ஓய்வு பெற்றவன். வடபழனி, சாலிகிராமம் ஸ்டுடியோக்களில் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் இரவில்தான் எழுந்திருப்போம். அன்று வாசித்த பாடல்களை இன்று போனில் கோடிக்கணக்கானோர் கேட்கிறார்கள். எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா?
*ஒரு வயலின் கலைஞர், சாலிகிராமம்*

ஐயா, மனத்துக்கு உகந்த பதிலைச் சொல்ல முடியவில்லை. படிப்படியாகச் சொல்கிறேன்.

உங்கள் காலத்தில் இசையமைப்பாளருக்கே உரிமை உறுதியாக இல்லை. 1977இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, படத்துக்காகக் கூலி கொடுத்து இசையமைக்கச் செய்த தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அந்த இசையின் முதல் உரிமையாளர் என்றது. தயாரிப்பாளர் அதை ஆடியோ கம்பெனிக்கு விற்றார். இசையமைப்பாளரும் கவிஞரும் சம்பளத்தோடு நின்றார்கள். பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்ற கூலி. நிகழ்த்துபவருக்கு என்று தனி உரிமை ஒன்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வந்ததே 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான். அதற்கு முன் வாசித்தவற்றுக்கு இன்று பங்கு கேட்பது மிகக் கடினம்.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஜூன் 21 முதல், படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் காட்டுவது தவிர்ந்த மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய சரிபாதிப் பங்கை எவரும் எழுதி வாங்கிவிட முடியாது. எழுதி வாங்கினாலும் செல்லாது. பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும்கூட, அவர்களுடைய நிகழ்த்துதல் வணிக நோக்கில் பயன்படும்போது ராயல்டி உண்டு என்று அந்தத் திருத்தம் சொல்கிறது.

ஆனால் அதே சட்டத்தில், நிகழ்த்துபவர் யார் என்று விளக்கும் இடத்தில், ஒரு விலக்கு இருக்கிறது. ஒரு திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவருடைய பெயர் டைட்டிலிலோ வேறெங்குமோ போடப்படுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துபவராகக் கருதப்படமாட்டார். தம் நிகழ்த்துதல் சிதைக்கப்பட்டால் ஆட்சேபிக்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும். நாற்பது வயலின்கள் சேர்ந்து வாசித்த ஒரு பாடலின் உறையில் ஒரு வயலின்காரரின் பெயரும் இல்லாமலிருந்த வழக்கத்துக்கு இந்த விலக்கின்படி என்ன விலை என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இன்று ஸ்டுடியோவில் வாசிக்கும் இளைஞர்களுக்கு இதையே சொல்கிறேன்: கூலியைப் பேசும்போதே பெயர் போடுவதையும் பேசுங்கள். படத்தின் டைட்டிலில் இடமில்லை என்றால் பாடலின் இணைய விவரங்களிலாவது புல்லாங்குழல் இன்னார், நாதஸ்வரம் இன்னார் என்று ஏறட்டும். தனியாக ஒலிக்கும் சோலோ வாசித்தவருக்கு இது மிகவும் அவசியம்.

இவர்களுக்கு உரிய ராயல்டியை வசூலித்துத் தர இன்று இருக்கும் அமைப்புகள் இரண்டு. இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகியோருக்காக 1969இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ்.; பாடுகிறவர், வாசிக்கிறவர் ஆகியோருக்காக 2013இல் பாடகர் உரிமைச் சங்கமாகத் தொடங்கி இப்போது இசாம்ரா என்ற பெயரில் இயங்குவது. திருத்தத்துக்குப் பின் உங்கள் பெயர் பதிவான பாடல் ஏதேனும் இருந்தால் இசாம்ராவில் விசாரியுங்கள். நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகை தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக வழங்கப்படுகிறது; தகுதி இருந்தால் அதற்கும் விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் தலைமுறைக்கு வேலை போனதற்குக் கேசட் விற்பனை நின்றது காரணமன்று. கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்தபோதே, கேசட் கொழுத்து விற்றுக்கொண்டிருந்த நாட்களிலேயே, ஒரு கூடம் நிறைய வாத்தியக்காரர் உட்கார்ந்து ஒரே டேக்கில் வாசிக்கும் வழக்கம் குறையத் தொடங்கிவிட்டது. இது தெரிந்தவர் நீங்கள். மற்ற வாசகர்களுக்காகச் சொன்னேன்.

நானே எழுதி, இசையமைத்து, பாடிய தமிழ்ப் பாடலை ஸ்பாட்டிஃபை, யூடியூப் இரண்டிலும் ஏற்றியிருக்கிறேன். நாற்பதாயிரம் தடவைக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு பணம்?
*ஒரு கல்லூரி மாணவர், தாம்பரம்*

ஒரு தடவைக்கு இவ்வளவு என்ற நிர்ணய விலை கிடையாது. ஸ்பாட்டிஃபை தனக்கு வரும் சந்தா, விளம்பரப் பணத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்குப் பிரிக்கிறது. அந்த மாதம் கேட்கப்பட்ட எல்லாப் பாடல்களிலும் உங்கள் பாடலின் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் உங்களுக்கு வரும். காசு கட்டிக் கேட்பவர் மிகுந்த நாட்டில் கேட்கப்பட்டால் அதிகம். விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர் மிகுந்த நம் நாட்டில் கேட்கப்பட்டால் குறைவு. 2024 தொடக்கத்திலிருந்து, கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாடலுக்கு அங்கே பதிவு ராயல்டியே இல்லை. நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், வாழ்த்துகள். ஆனால் வரும் தொகை நல்ல ஸ்டுடியோ ஒன்றின் ஒரு நாள் வாடகைக்குப் போதாமல் போகலாம்.

யூடியூபில் விளம்பரப் பங்கு பெற ஆயிரம் சந்தாதாரர்களும், ஓராண்டில் நான்காயிரம் மணி நேரப் பார்வையும் (அல்லது ஷார்ட்ஸ் எனப்படும் குறு வீடியோக்களில் தொண்ணூறு நாளில் ஒரு கோடிப் பார்வையும்) வேண்டும். நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. ஷார்ட்ஸில் 45 சதவீதம்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. நீங்கள் பாடலை ஏற்றக் கொடுத்த டிஸ்ட்ரிபியூட்டர் நிறுவனம் உங்களுக்குப் பெற்றுத் தருவது ஒலிப்பதிவுக்கான பங்கை மட்டுமே. அந்தப் பாடலின் வரிகளுக்கும் மெட்டுக்கும் தனிப் பங்கு இருக்கிறது, அது ஐ.பி.ஆர்.எஸ். வழியாக வரும், அதில் நீங்கள் உறுப்பினராகி, பாடலைப் பதிவு செய்திருந்தால் மட்டும். நண்பர் யாராவது பல்லவி எழுதித் தந்திருந்தால் அவருக்கு எத்தனை சதவீதம் என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பாடல் பிரபலமான பிறகு நட்பும் இருக்காது, தாளும் இருக்காது.

ஒரு கம்பெனி வந்து ‘பாடலை எங்களுக்குக் கொடு, விளம்பரம் நாங்கள் செய்கிறோம்’ என்றால், எத்தனை ஆண்டுகளுக்கு என்று முதலில் கேளுங்கள். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அவசரப்பட வேண்டாம். ஸ்ட்ரீமிங்கில் ஒரு பாடலின் வருமானம் முதல் மாதத்தோடு முடிவதில்லை; சிறுகச் சிறுகப் பல ஆண்டுகள் வரக்கூடியது. அதை ஒரே காசோலைக்கு விற்பது, நான் மேலே சொன்ன பழைய கேசட் ஒப்பந்தத்தை நீங்களே தேடிப்போய்க் கையெழுத்திடுவதாகும்.

எங்களுடையது மெல்லிசைக் குழு. கல்யாண வரவேற்புகளில் பழைய சினிமாப் பாடல்களைப் பாடுகிறோம். ஒரு மண்டபத்தில் லைசென்ஸ் கேட்டு மிரட்டினார்கள். கட்ட வேண்டுமா?
*குழுத் தலைவர், பெரம்பூர்*

கல்யாணத்துக்கு வேண்டாம். சமயச் சடங்குகளின்போது பாடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தைச் சேர்ந்த மற்றக் கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்ற விளக்கமும் அங்கேயே இருக்கிறது. திருமண விழாக்களுக்குப் பணம் கேட்கக் கூடாது என்று மத்திய அரசும் 2023இல் அறிவித்தது. அந்த அறிவிப்பின் நகலைக் கீபோர்டுப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

புத்தாண்டு இரவு, கம்பெனி ஆண்டு விழா, டிக்கெட் போட்ட நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு இந்த விலக்கு இல்லை. அங்கே பாடல்களைப் பாட ஐ.பி.ஆர்.எஸ். உரிமமோ உரிமையாளரின் அனுமதியோ தேவை. பொதுவாக அதைப் பெற வேண்டியவர் நிகழ்ச்சி நடத்துபவர். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளாவிட்டால் கடைசி நேரத்தில் உங்கள் தலையில் விழும். 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போனது இப்படிப்பட்ட மேடை நிகழ்ச்சிகளைப் பற்றித்தான். வாத்தியக்காரர்களைக் குறைத்துவிட்டு கரோக்கி டிராக்கை ஓடவிட்டுப் பாடுகிற குழுவாக இருந்தால், ஒலிப்பதிவின் உரிமையாளருடைய அனுமதியும் தனியே வேண்டியிருக்கும்.

தியாகராஜர் கீர்த்தனையை நானே பாடி யூடியூபில் ஏற்றினேன். ஒரு பெரிய ஆடியோ கம்பெனி உரிமை கோரியிருப்பதாகச் செய்தி வந்தது. தியாகராஜருக்கு யார் உரிமையாளர்?
*ஒரு பாட்டு ஆசிரியை, நங்கநல்லூர்*

யாரும் இல்லை. அவர் மறைந்தது 1847இல். ஆக்கியவர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. அந்தக் கம்பெனிக்கு உரிமை இருப்பது, தான் வெளியிட்ட குறிப்பிட்ட ஒலிப்பதிவில் மட்டுமே. ஒப்பிட்டுப் பார்க்கும் கணினி, ஒரே ராகம், ஒரே மெட்டு, ஒரே சாகித்யம் என்பதைக் கண்டு இரண்டையும் ஒன்றென்று நினைத்திருக்கும். ஒரே குரு பரம்பரையில் வந்தவர்கள் சங்கதிக்குச் சங்கதி, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் ஒவ்வொரு வடிவத்திலும், ஒத்துப் பாடினால் இது இன்னும் எளிதாக நேரும். யூடியூபிலேயே மறுப்புத் தெரிவிக்கும் வசதி இருக்கிறது: பாட்டு பொதுவுடைமை, பாடியது நான், பதிவும் என்னுடையது என்று மூன்றையும் எழுதுங்கள். பக்கவாத்தியக்காரர்களின் ஒப்புதலும் கையில் இருக்கட்டும்.

ஆனால் எல்லாப் பழைய பாட்டும் அப்படியன்று. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். அவருடைய கீர்த்தனைகளின் உரிமை 2033 முடியும் வரை இருக்கிறது.

நாதஸ்வரம் படிக்கும் என் தம்பி, இனி இதற்கு எதிர்காலம் இல்லை என்று சோர்ந்து போயிருக்கிறான்.
*ஒரு வாசகர், திருவொற்றியூர்*

நாதஸ்வரக் கலைஞர்கள் பதிவு விற்பனையை நம்பி இருந்ததே இல்லை. அவர்களுடைய கணக்கு பஞ்சாங்கத்தில் இருக்கிறது. வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்த நாளுக்கு மூன்று வீட்டார் கேட்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை. அந்த மாதங்களைத் தாண்டத்தான் கோயில் வேலை. அறநிலையத்துறைக் கோயில்களில் நாதஸ்வரம், தவில், தாளம் ஆகியவற்றுக்குப் பணியிடங்கள் உண்டு. அரசு இசைப்பள்ளிச் சான்றிதழ் அதற்கு உதவும். சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் அடிக்கும் மின்சார மேளத்தைச் சன்னிதியில் மாட்டிவிட்டு மேளக்காரர் இடத்தை நிரப்பாமல் விட்டிருக்கும் கோயில்களும் இருக்கின்றன என்பது வருத்தத்துக்குரியது. தவில்காரர் ஒருவரோடு நிலையாகச் சேர்ந்து செட்டாக இருப்பது தம்பிக்கு நல்லது. கல்யாண வீட்டார் தனி ஆளை அழைப்பதில்லை.

கச்சேரிப் பணத்துக்கு ஜி.எஸ்.டி. உண்டா?
*ஒரு வீணைக் கலைஞர், திருவான்மியூர்*

செவ்வியல் அல்லது நாட்டுப்புறக் கலையாக இருந்து, ஒரு நிகழ்ச்சிக்கான தொகை 1,50,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் இல்லை. சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு இந்த விலக்குப் பொருந்தாது. ஆனால் ஆண்டு வரவு மொத்தம் 20 லட்சத்துக்குள் இருப்பவர் பொதுவாகப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. வருமான வரி தனி. கம்பெனி அல்லது சபா 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுத்திருந்தால், உங்கள் பான் எண்ணில் அது வரவாகியிருக்கிறதா என்று பார்த்து, வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் கணக்கைத் தாக்கல் செய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.